வாசகர் கேள்வி – பதில்: சோசினிலிருந்து இறங்கி வந்த ஜெனரல்

சென்ற இதழில், கொரியப் போர் பற்றிய பெட்டிச் செய்தியில், ஜெனரல் ஆலிவர் ஸ்மித் பெயர் நாலே வரியில் வந்திருந்தது. 1950 டிசம்பரில் வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் சீனப் படை சூழ்ந்துகொண்ட அமெரிக்காவின் 1-ஆம் மரைன் டிவிஷனை, சண்டை போட்டபடியே கடற்கரைக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் என்று எழுதியிருந்தோம். அந்த நாலு வரிக்கு நெல்லைச் சீமையிலிருந்து இத்தனை கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

மரைன் ஜெனரல் என்றால் கப்பல் படையா, தரைப்படையா? நம்மிடம் அப்படி ஒரு படை உண்டா?
– வாசகர், வள்ளியூர்

கப்பலில் போய், கரையில் இறங்கிச் சண்டை போடும் படை. அமெரிக்காவில் கடற்படைத் துறைக்குக் கீழே இருந்தாலும் தனிப்படை. சொந்த விமானப் பிரிவும் வைத்திருக்கிறது. நம் நாட்டில் தனி மரைன் படை கிடையாது. தரைப்படையிலேயே கடல்வழி இறங்கப் பயிற்சி பெற்ற பிரிகேடுகள் உண்டு. அதில் ஒன்று உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் இருக்கும் 91-ஆவது பிரிகேடு. மார்க்கோஸ் என்பது கடற்படையின் கமாண்டோ பிரிவு, அது வேறு.

ஸ்மித் எங்கே பிறந்தார், என்ன படித்தார்? மரைன் என்றாலே புல்லர் பெயரைத்தான் சொல்கிறார்கள். இவர் ஏன் வெளியே தெரியவில்லை?
– ஆசிரியர், அம்பாசமுத்திரம்

1893 அக்டோபர் 26, டெக்சாஸ் மாநிலம் மெனார்டு. வளர்ந்தது கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1916-இல் பட்டம். அடுத்த ஆண்டு மரைன் படையில் சேர்ந்தார். முதல் உலகப்போர் காலத்தில் அவரைப் பிரான்சுக்கு அனுப்பவில்லை, குவாம் தீவில் உட்கார வைத்தார்கள். அந்தப் போரில் பெயர் வாங்கியவர்கள் எல்லாம் முந்திக்கொண்டார்கள். இவருக்குப் பதவி உயர்வு மெதுவாகத்தான் வந்தது. 1934 முதல் 1936 வரை பாரிசில் பிரெஞ்சுப் போர்க் கல்லூரியில் படித்தார். அங்கே படித்த முதல் மரைன் அதிகாரி இவர்தான். சக அதிகாரிகள் வைத்த பட்டப்பெயர் ‘புரொஃபசர்’.

1941-இல் ஐஸ்லாந்தில் ஒரு பட்டாலியனுக்குத் தலைமை. 1944-இல் பசிபிக் கடலின் நியூ பிரிட்டன் தீவில் தலசியா என்ற இடத்தில் கரை இறக்கம், அதே ஆண்டு பெலேலியு தீவில் டிவிஷனின் துணைத் தலைவர். 1945-இல் ஓகினாவாவில் பத்தாவது ராணுவத்தின் துணைத் தலைமை அலுவலர். 1950-இல் 1-ஆம் மரைன் டிவிஷன் கைக்கு வந்தது. செப்டம்பர் 15 அன்று இஞ்சோனில் இறங்கி, அங்கிருந்து சியோலைப் பிடித்தது இந்த டிவிஷன்தான்.

புல்லர் இவருக்குக் கீழே ஒரு ரெஜிமென்டின் தலைவர். (பல பட்டாலியன் சேர்ந்தது ரெஜிமென்ட், பல ரெஜிமென்ட் சேர்ந்தது டிவிஷன்.) ஐந்து நேவி கிராஸ் பதக்கம், சுடச்சுடப் பேச்சு, பத்திரிகைக்காரர்களுக்குத் தீனி. ஸ்மித் கெட்ட வார்த்தை பேசாதவர், சத்தம் போடாதவர். அப்படிப்பட்டவரைப் பற்றி நிருபர் என்ன எழுதுவார்?

மேலதிகாரி ‘சீக்கிரம் போ’ என்று சொல்லியும் ஸ்மித் வேண்டுமென்றே மெதுவாகப் போனாராமே? அது உத்தரவை மீறுவது ஆகாதா?
– ஓய்வுபெற்ற ராணுவத்தினர் இருவர், கயத்தாறு, நாங்குநேரி

இந்தக் கதையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். ஸ்மித்துக்கு மேலே இருந்தவர் பத்தாவது கோர் தலைவர் எட்வர்ட் ஆல்மண்ட். கோர் என்பது பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை. சீன எல்லையான யாலு ஆறு வரை ஒரே ஓட்டமாகப் போய்ப் போரை முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. போக இருந்ததோ ஒரே ஒரு சாலை. ஹங்னாம் துறைமுகத்திலிருந்து நீர்த்தேக்கத்துக்கு மேற்கே இருக்கும் யூடாம் ஊர் வரை 78 மைல், அதாவது 125 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி போகும் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு. கடைசிப் பாதி முழுக்க மலை. அந்தச் சாலையில் எங்கே ஒரு பாலம் போனாலும் மேலே இருப்பவன் கதி அதோகதி.

நவம்பர் முதல் வாரமே அந்தச் சாலையில் இருக்கும் சூடோங்கில் சீனப் படையோடு ஒரு பெரிய சண்டை நடந்தது. பிறகு சீனர்கள் திடீரென்று மறைந்து போனார்கள். ஆல்மண்ட் அதை ஓட்டம் என்று எடுத்துக்கொண்டார். ஸ்மித் அதைப் பொறி என்று எடுத்துக்கொண்டார். நவம்பர் 10-இலிருந்து 23 வரை அவர் டிவிஷன் நகர்ந்தது நாளுக்குச் சராசரியாக ஒரு மைல்.

அந்த நாட்களில் அவர் சும்மா இருக்கவில்லை. மலையடிவாரத்தில் சின்ஹுங், மேலே கோடோ, அதற்கும் மேலே ஹகாரு என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு பட்டாலியனைக் காவல் வைத்தார். ஹகாருவில் குண்டும் ரேஷனும் பெட்ரோலும் மருந்தும் குவித்தார். நீர்த்தேக்கத்துக்குக் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்து கிடந்த ரெஜிமென்டுகளை ஒரே பக்கம் சேர்க்கும்படி விடாமல் கேட்டு வாங்கினார். நவம்பர் 15 அன்று மரைன் படைத் தலைவர் கேட்ஸுக்குக் கடிதம் எழுதி, குளிர்காலத்தில் மலைச்சாலையில் நீண்டு கிடக்கும் தன் டிவிஷனைப் பற்றிய கவலையைப் பதிவு செய்தார்.

எந்த உத்தரவையும் அவர் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. ‘இந்த வேலை முடிந்ததும் போகிறேன்’ என்றார். அந்த வேலை முடியக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். பட்டாளத்தில் இருந்த உங்களுக்கு இது புதிதல்ல. நவம்பர் 27 அன்று, சொன்னபடியே யூடாமிலிருந்து மேற்கே தாக்குதல் தொடங்கினார். அன்றிரவே சீனர்கள் பாய்ந்தார்கள். சொன்ன வேகத்தில் போயிருந்தால் டிவிஷன் இன்னும் எத்தனையோ மைல் உள்ளே, பின்னால் ஒரு மூட்டை அரிசிகூட இல்லாமல் அகப்பட்டிருக்கும்.

மலை மேலே, உறைந்த தரையில், சண்டைக்கு நடுவே விமான ஓடுதளம் போட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மண் வேலை செய்கிறவன் என்பதால் கேட்கிறேன்: எப்படி வெட்டினார்கள்?
– சாலை ஒப்பந்ததாரர், ஆலங்குளம்

ஹகாரு சுமார் 4,000 அடி உயரம். ஊருக்குத் தெற்கே சமமாகக் கிடந்த ஒரு பயறு வயலைப் பிடித்து நவம்பர் 19 அன்று வேலையைத் தொடங்கினார்கள். டிவிஷனின் எஞ்சினியர் பட்டாலியன் தலைவர் ஜான் பார்ட்ரிட்ஜ். பொறுப்பு அந்தப் பட்டாலியனின் ஒரு பிரிவான டி கம்பெனிக்கு.

புல்டோசர் பிளேடு தரையில் இறங்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. மண் வாரும் இயந்திரத்தின் வெட்டும் விளிம்பில் இரும்புப் பற்களை வெல்டிங் செய்து வைத்தார்கள். மண் பெயர்ந்தது, ஆனால் பெயர்ந்த மண் அள்ளிய கையோடு இரும்பில் உறைந்து ஒட்டிக்கொண்டது. அதைக் காற்றுச் சுத்தியல் வைத்து உடைத்து எடுக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு நடைக்கும் இதே பாடு. இரவும் பகலும் வேலை. இரவில் ஃபிளட் லைட் போட்டு. சுற்றிலும் எதிரி இருக்க, விளக்கை ஏற்றி வைத்து வேலை பார்ப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். நவம்பர் 28 இரவு சீனர்கள் ஓடுதளத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். டோசரை அப்படியே நிறுத்திவிட்டு, துப்பாக்கியை எடுத்துச் சண்டை போட்டு விரட்டிவிட்டு, மறுபடியும் டோசரில் ஏறினார்கள்.

டிசம்பர் 1 அன்று முதல் சி-47 சரக்கு விமானம் இறங்கியபோது நாற்பது சதவீத வேலைதான் முடிந்திருந்தது. நீளம் 2,900 அடி, அகலம் 50 அடி. அந்த உயரத்துக்கு விதிப்படி இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைவதால் விமானம் கிளம்ப ஓடும் தூரம் கூடும். கடும் குளிர் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டியது, குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால். மீதி, விமானிகளின் கைத்திறன். டிசம்பர் முதல் ஐந்து நாட்களில் அந்த வயலிலிருந்து காயமும் குளிர்வெட்டும் பட்ட 4,312 பேரை ஏற்றி அனுப்பினார்கள்.

முன்னே ஓடுதளம் கேட்டபோது, எதற்கு என்றார் ஆல்மண்ட். காயம்பட்டவர்களை எடுத்துப்போக என்றார் ஸ்மித். எந்தக் காயம்பட்டவர்கள் என்று திருப்பிக் கேட்டாராம். இதைப் பின்னாளில் ஸ்மித்தே சொல்லியிருக்கிறார்.

விமானம் இறங்கியது அல்லவா? எல்லோரையும் அதிலேயே ஏற்றிவிட்டிருக்கலாமே!
– பள்ளி மாணவர், கடையநல்லூர்

விமானப்படையின் டன்னர் அதையேதான் சொன்னார். ஸ்மித் மறுத்தார். ஊரைச் சுற்றிக் காவல் வளையம் இருக்கிறது. நூறு பேரை ஏற்றினால் வளையத்தில் நூறு பேர் குறைவு. கடைசியில் நிற்கும் சில நூறு பேரை யார் காப்பது, அவர்களை ஏற்றும் விமானத்தை யார் காப்பது? பீரங்கி, லாரி, டாங்கு எல்லாவற்றையும் எதிரிக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அத்தோடு, கீழே கோடோவில் இருந்தவர்களைக் கைவிட்டதாகவும் ஆகும். அதனால் அவர் தலைகீழாகச் செய்தார்: காயம்பட்டவர்களை ஏற்றிப்போன விமானங்கள் திரும்பி வரும்போது, நல்ல உடல்நிலையில் இருந்த 537 பேரைப் புதிதாகக் கொண்டுவந்து இறக்கின.

அத்தனை குளிரில் காயத்துக்கு எப்படி மருந்து போட்டார்கள்? பிளாஸ்மா உறையாதா?
– நர்ஸ், ஹைகிரவுண்டு, பாளையங்கோட்டை

உறைந்தது. இரவில் மைனஸ் 30 டிகிரி செல்சியசுக்கும் கீழே போனது. பிளாஸ்மா (ரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) பாட்டிலைச் சூடான கூடாரத்தில் வைத்து இளக்க ஒரு மணி நேரத்துக்கு மேல். இளகினாலும் ஏற்றும்போது குழாயிலேயே மறுபடி உறைந்து அடைத்தது. வலியை மட்டுப்படுத்தும் மார்ஃபின் ஊசிக்குழல்களை, உறையாமல் இருக்க, மருத்துவ உதவியாளர்கள் வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டார்கள். காயத்தைப் பார்க்க உடுப்பை வெட்டித் திறக்க முடியாது. திறந்த இடம் குளிர்வெட்டில் போய்விடும். பல நேரம் உடுப்பின் மேலேயே கட்டுப் போட்டார்கள். ஒரு விதத்தில் குளிர் உதவியது: காயத்தில் ரத்தம் உறைந்து ஒழுக்கு நின்றதால் பிழைத்தவர்களும் உண்டு.

கேட்கத் தோன்றாத ஒன்று, கால். கொடுத்திருந்தது அடிப்பாகம் ரப்பரான பூட்ஸ். மலை ஏறும்போது உள்ளே வியர்த்து ஊறும். நின்றதும் அந்த வியர்வையே பனிக்கட்டியாகிவிடும். நின்ற உடனே காலுறையையும் உள்ளே போடும் ஃபெல்ட் துண்டையும் மாற்ற வேண்டும், ஈரமானதைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக் காய வைக்க வேண்டும். சுடுகிற நேரத்தில் யார் பூட்ஸைக் கழற்றுவார்? டப்பா உணவும் உறைந்து கிடந்தது. பாதி இளகியதை அப்படியே தின்றதில் வயிற்றுப்போக்கு. அக்டோபர் 26 முதல் டிசம்பர் 15 வரை டிவிஷனில் இறந்தவர் 718, காணாமல் போனவர் 192, காயம் 3,508. சண்டையில் அல்லாத பாதிப்போ 7,313. பெரும்பாலும் குளிர்வெட்டு, பிறகு வயிறு. ரப்பர் காலணியும் கான்வாஸ் செருப்புமாக வந்த சீனப் படையின் நிலைமை இதைவிட மோசம். அவர்களுக்குக் குளிரால் மட்டும் 28,000 பேருக்கு மேல் இழப்பு.

அண்ணாச்சிக்கு வணக்கம். மாஞ்சோலைக்கு லோடு ஏற்றுகிறவன் நான். ஆயிரம் வண்டியை ஒற்றைச் சாலையில், அதுவும் சண்டையில், எப்படி இறக்கினார்கள்?
– லாரி ஓட்டுநர், கல்லிடைக்குறிச்சி

மணிமுத்தாறு–மாஞ்சோலை ரோடு ஓட்டுகிறவருக்கு, கோடோவுக்குக் கீழே சாலை இறங்கும் ஃபன்சிலின் கணவாயைப் புரிய வைப்பது சுலபம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. 13 கிலோமீட்டரில் 2,500 அடி இறக்கம். அதில் பனிக்கட்டியைப் பூசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மித்தின் முறை இது. சாலையில் வண்டி நகரும் முன், இரண்டு பக்க மலை முகடுகளிலும் காலாட்படை நடந்து பிடிக்க வேண்டும். முகடு கையில் வந்த பிறகுதான் கீழே வண்டி நகரும். ஓட்டுநரும் காயம்பட்டவரும் தவிர யாரும் வண்டியில் ஏறக்கூடாது. முடிந்தவன் எல்லாம் நடக்க வேண்டும். நடப்பவன் சுட முடியும், நடப்பவன் உறையவும் மாட்டான். பழுதான வண்டியைச் சரிசெய்ய நிற்கக்கூடாது, பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போகவேண்டும். பார்க்க மெதுவான முறை. யூடாமிலிருந்து ஹகாருவுக்கு 14 மைல்தான், பின்காவல் வந்துசேர 79 மணி நேரம். ஹகாருவிலிருந்து கோடோவுக்கு 11 மைல், சுமார் 10,000 பேர், ஆயிரத்துக்கு மேல் வண்டி, 38 மணி நேரம்.

எஞ்சினை அணைத்தால் மறுபடி பிடிக்காது. ஆயில் களிம்பாகிவிடும், பேட்டரி செத்துவிடும். அதனால் ராத்திரி முழுக்க ஓடவிட்டார்கள், பெட்ரோல் போனாலும் பரவாயில்லை என்று. டாங்குகளை அவ்வப்போது கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தவேண்டும், இல்லாவிட்டால் சங்கிலிப் பட்டை தரையோடு ஒட்டிப்போகும்.

கணவாயில் டாங்குகளைக் கடைசியில் விட்டார்கள். முன்னால் விட்டு ஒரு டாங்கு நின்றால், அதைத் தள்ள யாராலும் முடியாது, பின்னால் வரும் ஆயிரம் வண்டியும் நின்றுவிடும். அந்தப் பயம் பலித்தது: கடைசியிலிருந்து ஒன்பதாவது டாங்கின் பிரேக் உறைந்து இறுகிக்கொண்டது. அதற்குப் பின்னால் இருந்தவை சிக்கின. ஏழு டாங்குகள் போயின. முன்னே போன லாரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாலத்தைப் பாராசூட்டில் போட்டார்கள் என்பது நிஜமா?
– மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், பாபநாசம்

நிஜம். உங்களுக்குப் பழகிய இடம் போலத்தான் அதுவும்: மேலே நீர்த்தேக்கம், அங்கிருந்து மின்நிலையத்துக்கு மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள். ஃபன்சிலின் கணவாய்ச் சாலை அந்தக் குழாய்களைக் கடக்கும் இடத்தில் ஒரு வழிக் கான்கிரீட் பாலம். சீனர்கள் அதை மூன்று முறை தகர்த்தார்கள். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பாதாளம். சுற்றுவழியே கிடையாது.

பார்ட்ரிட்ஜ் விமானத்தில் பறந்து மேலிருந்தே அளவு எடுத்தார். எஃகுப் பாலத் துண்டு நாலு போதும், எட்டு கேட்டார். கேட்டது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு துண்டும் ஒரு டன்னுக்கு மேல். சின்ன பாராசூட்டில் கட்டிச் சோதனை பார்த்ததில் துண்டு நொறுங்கிப் போனது. அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் 48 அடிப் பாராசூட் இரண்டு. டிசம்பர் 7 அன்று எட்டு சி-119 சரக்கு விமானங்கள் ஆளுக்கொரு துண்டாகக் கோடோவில் போட்டன. ஒன்று சேதம், ஒன்று சீனர் கையில் விழுந்தது, ஆறு மிச்சம்.

இதற்கிடையே இடத்தைக் கைப்பற்ற மேலிருந்து 7-ஆம் ரெஜிமென்டும், கீழே சின்ஹுங்கிலிருந்து 1-ஆம் ரெஜிமென்டின் ஒரு பட்டாலியனும் பனிப்புயலில் தாக்கின. கீழிருந்து போனவர்கள் பாலத்தைப் பார்த்து நிற்கும் 1081-ஆம் குன்றைப் பிடித்தார்கள். டிசம்பர் 9 அன்று பாலத் துண்டுகளைக் கொண்டுவந்து பார்த்தால் இடைவெளி நீளம். அங்கேயே கிடந்த சிலிப்பர் கட்டைகளை அடுக்கி ஒரு பக்கம் மேடை கட்டிச் சமாளித்தார்கள்.

இரண்டு எஃகுத் தடங்களுக்கு நடுவே பிளைவுட் பலகை போட்டிருந்தது, அகலம் குறைந்த ஜீப்பும் போவதற்காக. ஒரு புல்டோசர் ஏறியதும் பலகை முறிந்தது. டோசரை நயமாகப் பின்னுக்கு எடுத்து, பலகையை மறந்துவிட்டு, தடங்களை இழுத்து மறுபடி வைத்தார்கள்: மொத்த அகலம் 136 அங்குலம். அதில் டாங்குக்கு இரண்டு அங்குலம் இடம், ஜீப்புக்கு அரை அங்குலம். அந்த அரை அங்குலத்தில், இரவில், டார்ச் வெளிச்சத்தில் டிவிஷன் முழுக்க இறங்கியது. கடைசியில் எஞ்சினியர்களே பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

‘பின்வாங்கவில்லை, வேறு திசையில் தாக்குகிறோம்’ என்று அவர் சொன்னது உண்மைதானா?
– வாசகி, தென்காசி

கருத்து அவருடையது. ஹகாருவில் நிருபர்களிடம், நாலு பக்கமும் சூழப்பட்டவனுக்குப் ‘பின்’ என்று ஒன்று இல்லை, எந்தப் பக்கம் போனாலும் அது தாக்குதல்தான் என்று விளக்கினார். பத்திரிகைகள் காரம் சேர்த்து வெளியிட்டன.

எல்லோரும் புகழ்கிறார்களே, அவர் மேல் குறையே கிடையாதா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

உண்டு. நவம்பர் 29 அன்று ஹகாருவில் ஆள் போதவில்லை என்று கோடோவிலிருந்து ஒரு கலப்புப் படையைக் கிளப்பினார். பிரிட்டிஷ் ராயல் மரைன் கமாண்டோ தலைவர் டிரைஸ்டேல் தலைமையில் 922 பேர், 141 வண்டி, 29 டாங்கு. வழியில் மாட்டிக்கொண்டார்கள். மேலே போகட்டுமா என்று கேட்டபோது, எப்படியும் வந்து சேருங்கள் என்றார் ஸ்மித். வந்து சேர்ந்தவர் சுமார் 400. இழப்பு 321 பேர், 75 வண்டி. முகடு பிடிக்காமல் சாலையில் வண்டி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவருடைய படையிலேயே கிடைத்த உதாரணம் இது. ஆனால் அந்த 400 பேர் வராமல் இருந்தால் ஹகாருவும் ஓடுதளமும் நிலைத்திருக்குமா என்பது சந்தேகமே. எங்கள் கணிப்பில், முடிவு சரி, விலை பயங்கரம்.

இன்னொன்று, நீர்த்தேக்கத்துக்குக் கிழக்கே இருந்த தரைப்படையினர், சுமார் 3,000 பேர். அவர்களை மீட்க ஸ்மித் படை அனுப்பவில்லை என்று பல ஆண்டு மனக்கசப்பு இருந்தது. அவர்களை ஸ்மித்தின் பொறுப்பில் விட்டதே முற்றுகை இறுகிய பிறகு; ஹகாருவில் அப்போது எழுத்தர்களும் சமையல்காரர்களும்கூடக் காவலில் நின்றார்கள். உறைந்த ஏரியின் மேல் நடந்து வந்தவர்களை ஜீப்பில் போய் எடுத்து வந்தது மரைன்களின் பீல் என்ற அதிகாரி. வந்து சேர்ந்த சுமார் 1,500 பேரில் சண்டைக்குத் தகுதியாய் இருந்தவர் 385. தவறு இருக்கிறது என்றால், அவர்களை அப்படிச் சிதறலாக நிறுத்திய கோர் தலைமையிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஸ்மித் என்ன ஆனார்?
– வாசகர், சங்கரன்கோவில்

டிவிஷன் டிசம்பர் 15 அன்று ஹங்னாமில் கப்பலேறியது. டிசம்பர் 24-க்குள் அந்தத் துறைமுகத்திலிருந்து 1,05,000 படையினரும் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட கொரிய அகதிகளும் வெளியேறினார்கள். மெரிடித் விக்டரி என்ற ஒரே சரக்குக் கப்பல் 14,000 பேரை ஏற்றியது. பின்னாளில் தென் கொரிய அதிபரான மூன் ஜே-இன்னின் பெற்றோர் அதில் வந்தவர்கள்.

1951 பிப்ரவரியில் தரைப்படையின் ஒன்பதாவது கோர் தலைவர் இறந்தபோது, சில நாட்கள் அந்தக் கோருக்கே ஸ்மித் தலைமை தாங்கினார். மரைன் ஒருவருக்குத் தரைப்படைக் கோர் கிடைப்பது அபூர்வம். 1955 செப்டம்பரில் நாலு நட்சத்திர ஜெனரலாக ஓய்வு. 1977 டிசம்பர் 25, தம் 84-ஆம் வயதில் காலமானார். கோடோவில் அவர் முன்னிலையில் ஒரே குழியில் புதைத்த 117 பேரைப் பற்றியும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: போர்நிறுத்தத்துக்குப் பிறகு, 1954-இல், வட கொரியாவில் புதைத்த பலரின் எச்சங்கள் திருப்பித் தரப்பட்டன. பனிமலைப் பயிற்சிக்கென்று கலிபோர்னியா மலையில் 1951-இல் மரைன்கள் தொடங்கிய முகாம் இன்றும் நடக்கிறது.

அந்தப் போரில் இந்தியர் யாரும் இல்லையா?
– வாசகர், களக்காடு

இருந்தார்கள், தலைமை தாங்கியவர் தமிழர்: லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவு 1950 நவம்பரில் கொரியா போய்ச் சேர்ந்தது. ஸ்மித் கிழக்கே மலையில் சிக்கியிருந்த அதே வாரங்களில் இவர்கள் மேற்கே பியோங்யாங்கில் இருந்தார்கள். ஊரைக் காலி செய்ய உத்தரவு வந்தது; வண்டி இல்லை, மருந்துச் சாமான்களை அழித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ரங்கராஜ் ஒப்பவில்லை. கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, எஞ்சின் ஓட்டத் தெரிந்த தம் ஆட்களை வைத்தே கிளப்பி, அத்தனை சாமானோடும் தெற்கே வந்து சேர்ந்தார். 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தபோது, இந்தப் பிரிவிலிருந்து ஒரு சிறு மருத்துவக் குழுவும் ரங்கராஜும் கூடவே குதித்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.